வில்பட்டியில் அறுத்த சந்திரச் செங்கல்

வெளிநாடு போய் வந்தவர்கள் எல்லாம் பயணக் கட்டுரை எழுதும் காலம் இது. லண்டனில் பனி கொட்டியதையும் பாரிஸில் ரொட்டி தின்றதையும் படித்துப் படித்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. எனக்கு வாய்த்த வெளிநாடு கொடைக்கானல். மதுரையிலிருந்து ஒரே பகலில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் நான் அங்கே போனதற்குக் காரணம் சந்திர மண்டலம். ஆகவே லண்டன்காரர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை தர வேண்டும்.

நான் ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்கள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவதுதான் முக்கிய வேலை. மிச்ச நேரத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு விஞ்ஞானக் கட்டுரை எழுதுவேன். நூலகத்துக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகையைப் படித்து, அதைத் தமிழில் போட்டு, நடுநடுவே ‘அன்பர்களே’ சேர்த்தால் கட்டுரை தயார். ரஷ்யாக்காரர்கள் சந்திரன்மேல் ராக்கெட்டைக் கொண்டுபோய் மோதியபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. நானும் சும்மா இருக்கவில்லை. சந்திரனில் வீடு கட்டுவது எப்படி என்று எழுதினேன். இங்கிருந்து செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போவது மடத்தனம், அங்கே கிடக்கும் மண்ணிலேயே கல் செய்துகொள்ள வேண்டும் என்பது சாரம். ஏதோ நானே போய் நாலு வீடு கட்டிவிட்டு வந்தவன் போன்ற தோரணையில் எழுதியிருந்தேன்.

ஏப்ரல் மாதம் ஒரு கடிதம் வந்தது. வில்பட்டி பள்ளி ஆசிரியை பாக்கியம் எழுதியிருந்தார். ‘தாங்கள் சந்திரனுக்குச் சொன்னது எங்கள் ஊருக்கும் பொருந்தும். இங்கும் செங்கல் கீழேயிருந்துதான் மலையேறி வர வேண்டும். எங்கள் பள்ளி கூரைக் கொட்டகையில் நடக்கிறது. ஜூன் மாதம் கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் பார்வைக்கு வரும்போது பக்காச் சுவர் வைத்த அறை ஒன்றாவது இல்லாவிட்டால் அங்கீகாரம் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியை மூடினால் பையன்கள் கொடைக்கானலுக்கு நடந்து போய்ப் படிப்பார்கள். பெண் பிள்ளைகள் முப்பத்தொரு பேர். அவர்களை யாரும் அனுப்ப மாட்டார்கள். தாங்கள் வந்து உள்ளூர் மண்ணில் கல் செய்யக் காட்டித் தர வேண்டும்.’

படித்ததும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. பொறுப்பை எண்ணி அல்ல, புகழை எண்ணி. ஐந்து நாளில் வேலையை முடித்துவிடலாம் என்று ஐந்து சட்டை எடுத்துவைத்தேன். சந்திரனில் இரவுக் குளிர் எலும்பை உடைக்கும் என்று விஸ்தாரமாக எழுதிய ஆசாமி, கொடைக்கானலுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ள மறந்துவிட்டேன்.

முதல் நாள். வத்தலக்குண்டு தாண்டி மலையில் பஸ் திரும்பிய மூன்றாவது வளைவிலேயே என் வயிறு தனியாகப் பிரயாணம் செய்ய ஆரம்பித்தது. பக்கத்து இருக்கை அம்மாள் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, “மோந்துக்கிட்டே வாங்க, வெளிய மட்டும் பாக்காதீங்க” என்றார். நான் வெளியே பார்த்தேன். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டியதாயிற்று. முன் வரிசையில் ஒரு அமெரிக்கத் தம்பதி. மனைவி திரும்பிப் பார்த்துவிட்டு, “பாவம், அந்தச் சின்ன மனிதர் ஊர் போய்ச் சேர்வாரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கணவர் நிதானமாக, “பார்க்கலாம், இன்னும் பாதிகூட வரவில்லை” என்றார். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். அப்போதைய நிலையில் எனக்கு எந்த மொழியும் தெரியாது.

பெருமாள்மலைக்குக் கீழே பஸ் நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் போன செங்கல் லாரி ஒன்று வளைவில் சரிந்து, பாதிச் சரக்கு ரோட்டில் கிடந்தது. இரண்டு ஆட்கள் உடைந்ததை ஒரு பக்கம், உடையாததை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த குவியல்தான் பெரியது. பஸ்ஸில் இருந்த எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் உற்சாகம் தாங்கவில்லை. என் கட்டுரைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கொடைக்கானல் பஜாரில் காதர் பாய் கடை மாடியில் நான் தங்க டீச்சர் ஏற்பாடு செய்திருந்தார். பாய் தகரம், ஆணி, சுண்ணாம்பு விற்பவர். நல்ல ஆகிருதி. பேச்சும் அதே அளவு. “வாங்க, வாங்க! சந்திர மண்டலத்து சாரா? நெறத்தப் பாத்தா நேரா அங்கருந்துதான் எறங்குனாப்ல இருக்கு” என்று வரவேற்றார். செங்கல் லாரியைப் பற்றிச் சொன்னேன். “அது தெனமும் நடக்குற கூத்து சார். கீழ ஏறும்போது மாப்பிள மாதிரி ஏறும். இங்க எறங்கும்போது பாதி தூளாக் கெடக்கும்.” அவர் வீட்டிலிருந்து இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வந்தன. வழியில் இழந்ததை எல்லாம் வட்டியோடு மீட்டுக்கொண்டேன். பிறகு ஐந்து சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் வெள்ளனே பாய் என்னை எழுப்பி, காய்கறி ஏற்றப் போகும் லாரியில், காலிச் சாக்குகளின்மேல் உட்காரவைத்து அனுப்பினார். வில்பட்டியில் நான் இறங்கியபோது என் தலையில் முட்டைக்கோஸ் இலை ஒன்று ஒட்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை. பாக்கியம் டீச்சருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மெலிந்த உருவம், உரத்த குரல். அவருக்குப் பின்னால் இருபது பெண்கள் தலையில் கூடைகளோடு வரிசையாக நின்றார்கள். எல்லாக் கூடையிலும் கன்னங்கரேல் என்று மண்.

முன்னால் நின்றவள் வெள்ளையம்மா. அவள் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். கூடையை இறக்கிவைத்து, “எங்க வயல்லயே நல்ல மண்ணு சார் இது. மூணு வருசம் சாணியும் சாம்பலுமாப் போட்டு ஏத்துனது. கெழங்கு போட்டா ஒண்ணொண்ணும் கை கொள்ளாது” என்றாள். பள்ளிக்கூடம் கட்ட, அதுவும் மதுரையிலிருந்து வந்த விருந்தாளி கையில் கொடுக்க, மட்டமான மண்ணையா கொடுப்பது? ஊர் கூடிப் பேசி, அவரவர் வயலின் மேல்மண்ணைச் சுரண்டிக் கொண்டுவந்திருந்தார்கள்.

நான் ஒரு பிடி அள்ளினேன். முகர்ந்து பார்த்தேன். விரல்களுக்கு நடுவே உருட்டினேன். இதெல்லாம் எதற்கென்று எனக்கே தெரியாது. நிபுணர்கள் செய்வதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். “அபாரம்!” என்றேன். பெண்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் ‘அபாரம்’ என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

டீச்சர் கொட்டகைக்குள் போய் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துவந்தார். சூரிய ஒளியைக் கண்ணாடியால் குவித்து மண்ணை உருக்கிக் கல்லாக்கலாம் என்று கட்டுரையில் எழுதியிருந்தேனாம். “இது போதுமா சார், இல்ல பெரிசா வேணுமா?” என்று கேட்டார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத கண்ணாடி. அவர் கண்ணில் கேலி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சூரியனே அன்றைக்கு மதியம்தான் மூடுபனியை விலக்கிக்கொண்டு பத்து நிமிஷம் தலைகாட்டியது. அந்தப் பத்து நிமிஷத்தில் மண் உருகவில்லை. என் வேட்டியில் ஒரு ஓட்டை விழுந்தது. “உங்க ஊர்க் காற்றழுத்தம் ஒத்துழைக்கவில்லை” என்று சொல்லி, மர அச்சில் அடித்துக் காயவைக்கும் முறைக்கு மாறினேன்.

மூன்று நாள் மண் குழைத்தோம். நானும் சுமந்தேன். மதுரைக்காரனுக்கு மண் சுமப்பதில் கௌரவக் குறைச்சல் கிடையாது. சொக்கநாதரே சுமந்திருக்கிறார். அவருக்குப் பிட்டு கிடைத்தது, எனக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு. மூன்று வேளையும் அதுதான். கற்களைக் கொட்டகைக்குள் வரிசையாக அடுக்கினோம். விடுமுறையில் காலியாகக் கிடந்த வகுப்பு நிறைந்துவிட்டது. “பிள்ளைகளைவிட இதுங்க ஒழுங்கா உக்காந்திருக்கு” என்றார் டீச்சர்.

ஒரு வாரம் கழித்து அந்த ஒழுங்கு கெட்டது. பாதிக் கற்கள் நடுவில் பிளந்திருந்தன. மீதியைத் தூக்கினால் கையிலேயே கேக் மாதிரி உதிர்ந்தன. ஓரத்து வரிசையில் ஒரு கல்லுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதன் தலையில் பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. மண்ணோடு வந்த கிழங்குத் துண்டு கல்லுக்குள் சௌகரியமாகத் துளிர்த்துவிட்டது. வெள்ளையம்மா குனிந்து பார்த்து, “கெழங்கு நல்லா வரும் சார்” என்றாள். மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. “சார், இதுக்கு முன்னால நீங்க எத்தனை கல்லு செஞ்சிருக்கீங்க?”

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. “ஒன்றுகூட இல்லை. ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படித்ததைத்தான் எழுதினேன்” என்றேன்.

“ஒண்ணுகூட இல்லையா?” அவர் உதிர்ந்து கிடந்த மண்ணைக் காட்டினார். “இவங்க வயலச் சுரண்டிக் கொண்டாந்து கொட்டியிருக்காங்க சார். இன்னொரு தடவ அந்த மண்ணு ஏற மூணு வருசம் ஆகும். நீங்க எழுதினத நம்பித்தான நான் இவங்களக் கூப்பிட்டேன்? இந்தப் பிள்ளைங்க வீட்ல நான் என்ன போய்ச் சொல்றது?”

அவமானம் என்ற சொல்லை அதுவரை பல கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு அடுத்த லாரியில் ஏறிவிடலாமா என்று பார்த்தேன். அடுத்த லாரி மறுநாள்தான். அதனால்தான் அங்கேயே நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்த இங்கிலீஷ் புத்தகத்துல வேற என்ன போட்டிருந்தது? நீங்க எழுதாம விட்டது ஏதாவது இருக்கா?” என்று கேட்டார்.

இருந்தது. ஒரு முழுப் பத்தி. சந்திரனின் மண் கல் செய்ய ஏன் உகந்தது என்றால் அதில் உயிர் என்பதே இல்லை. வேரோ, மக்கோ, உரமோ எதுவும் இல்லாத செத்த மண் அது. பூமியில் யாராவது இதைச் சோதிக்க விரும்பினால் முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும், விளைச்சல் மண் உதவாது, என்று தெளிவாகப் போட்டிருந்தது. கட்டுரை நீள்கிறதே என்று அந்தப் பத்தியை வெட்டியவன் நான்தான். அந்த இடத்தில், நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும் தமிழ்த் தாய்மார்களைப் பற்றி மூன்று வரி சேர்த்திருந்தேன்.

அதை அப்படியே சொன்னேன்.

வெள்ளையம்மாதான் கேட்டாள். “செத்த மண்ணா? அப்படின்னா?”

“எதுவுமே முளைக்காத மண்.”

“புல்லுகூட மொளைக்காம?”

“ஆமாம்.”

அவள் திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்தாள். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் செக்கச் சிவந்த ஒரு மண்மேடு கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளிக்குக் கக்கூஸ் கட்டுவதாகக் குழி வெட்டி அள்ளிப் போட்டது. குழியோடு திட்டம் நின்றுவிட்டது. கறுப்பு மண்ணுக்கு அடியில் கிடந்த அந்தச் செம்மண்ணில் இரண்டு மழைக்காலம் போயும் ஒரு புல் எழும்பவில்லை. குழியை ஒருவரும் ஒருநாளும் உபயோகித்ததில்லை. ஆனாலும் ஊரில் அதற்குப் பெயர் கக்கூஸ் மண். ஆடு மாடுகூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போகும் என்றார்கள்.

“அந்த மண்ணுல போயி, பிள்ளைக படிக்கிற சொவரா?” என்றாள் ஒருத்தி.

மூடநம்பிக்கையைச் சாடி நான் ஆறு கட்டுரை எழுதியிருக்கிறேன். இருந்தும் அந்த மேட்டுக்கு முன்னால் போய் நின்றபோது என் கை வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தது. “முதலில் கொஞ்சம் கொதிக்கவைத்த தண்ணீர்...” என்று இழுத்தேன். அதற்குள் வெள்ளையம்மா இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டாள். “எம் மக வீட்ல உக்காந்து கெடக்குறதுக்கு இது தேவலை. வெரசா வாங்கடி” என்றாள். பெண்கள் வந்தார்கள். கடைசியாக நானும் வந்தேன்.

இந்தத் தடவை ஒழுங்காகச் சோதித்தோம். ஊறுகாய் பாட்டிலில் மண்ணையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கிவைத்தால் மணல் அடியிலும் களி மேலுமாகப் பிரிந்து நிற்கும். கறுப்பு மண்ணில் மேலே சருகும் வேரும் மிதந்தன. சிவப்பு மண்ணில் ஒன்றுமே மிதக்கவில்லை. ஒரு கல் செய்து காயவைத்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டோம். உடையவில்லை. நான் கை தட்டினேன். டீச்சர் அதை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டார். அரைமணியில் கல்லைக் காணோம். வாளி நிறையச் சிவப்புக் குழம்பு. “இங்க மழை பெய்யும் சார்” என்றார் சுருக்கமாக.

அந்தச் செய்தியோடு பஜாருக்குப் போனேன். காதர் பாய் கதை முழுவதையும் கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சுண்ணாம்பு போட்டுப் பாத்தீங்களா?” என்றார். போடவில்லை. “என்ன சார், மேல போயி வீடு கட்டுறவருக்கு இது தெரியாதா? செம்மண்ணுக்கும் சுண்ணாம்புக்கும் ஆகும். நல்லா ஊற விட்டுக் கொழச்சு, நெழல்ல ஆற விடணும். அவசரப்பட்டா கெடையாது.” மூட்டைகளைத் தானே லாரியில் ஏற்றிவிட்டார். கூரைக்கு வேண்டிய தகரத்தையும் பிறகு அவரே அனுப்பினார்.

பத்துக் கூடை மண்ணுக்கு ஒரு கூடை சுண்ணாம்பு. என் கையில் தோல் உரிந்தது. ஒரு மாசம் கொட்டகையில் ஈரச்சாக்கு போர்த்திக் கற்களைப் பிள்ளைப்பேறு பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டோம். மதுரையிலிருந்து என் மனைவி எழுதினாள்: ‘சந்திரனிலிருந்து எப்போது இறங்குவதாக உத்தேசம்? வரும்போது அங்கிருந்து பூண்டு வாங்கிவரவும்.’ பதில் எழுதக்கூட நேரமில்லை. மறுபடி ஒரு கல்லை வாளியில் போட்டோம். ஒரு நாள் முழுக்கக் கிடந்தது. எடுத்தபோது கல்லாகவே வந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. டீச்சர் அந்தத் தண்ணீரை ஊற்ற மனமில்லாமல் வைத்திருந்தார்.

ஜூன் மாதம் பிறந்தபோது கருங்கல் அடித்தளத்தின்மேல் நாலு சுவர் நின்றது. மேலே தகரம். பூச்சு மட்டும் மேற்குச் சுவரில் பாக்கி. மறுநாள் பூசுவதாக இருந்தோம். அன்றைக்கே டெபுடி இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. குடையை ஊன்றிக்கொண்டு சுற்றிவந்தார். சுவரைத் தட்டினார். “என்ன கல் இது?” என்றார். நான் முன்னால் போய் உள்ளூர் மண், சுண்ணாம்பு, சந்திர மண்டலம் என்று சொற்பொழிவை ஆரம்பித்தேன். ‘சந்திர மண்டலம்’ என்றதும் அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். அதற்குமேல் என் பேச்சை அவர் கேட்கவில்லை.

டீச்சரிடம் திரும்பினார். “சுட்ட செங்கல்லா?”

“இல்லை சார்.”

“அப்ப மண் சுவர். மண் சுவரை நான் பக்கான்னு எழுத முடியாதும்மா. ஒரு மழைக்குத் தாங்காது. நாளைக்குப் பிள்ளைகள் மேல விழுந்தா யார் பதில் சொல்றது?”

வெள்ளையம்மாவும் மற்றத் தாய்மார்களும் வாசலில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேசியது அத்தனையும் அவர்கள் காதில் விழுந்தது. வெள்ளையம்மா மகளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. மலை மழை முன்னறிவிப்புச் செய்துகொண்டு வருவதில்லை. காற்று மேற்கிலிருந்து தள்ள, பூசாத சுவரில் சாட்டையால் அடிப்பது போல அடித்தது. எல்லோரும் புது அறைக்குள் ஓடிவந்தோம். இன்ஸ்பெக்டரும் வந்தார். தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. சந்திரனில் மழையே கிடையாது என்பதை என் கட்டுரையில் ஒரு வசதியாகக் குறிப்பிட்டிருந்தேன். வாசலுக்கு வெளியே சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. பாதை மண்ணா, சுவர் மண்ணா தெரியவில்லை. இத்தனை பேர் தலைக்கு மேலே, நான் வாயால் கட்டிய வீடு முதல் தடவையாக உண்மையான மழையில் நின்றுகொண்டிருந்தது.

அரைமணி ஆயிற்று. மழை நின்றபாடில்லை. டீச்சர் வெளியே போனார். குடை எடுக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். மேற்குச் சுவருக்கு முன்னால் நின்று, வலது உள்ளங்கையைச் சுவரில் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து, மேலிருந்து கீழே அழுத்தித் தேய்த்தார். மறுபடியும். மறுபடியும்.

புடவை சொட்டச் சொட்ட உள்ளே வந்து, அந்தக் கையை இன்ஸ்பெக்டரின் முகத்துக்கு நேரே விரித்தார்.

உள்ளங்கை சிவந்திருந்தது. போச்சு, கரைந்துவிட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். முப்பத்தொரு பெண் பிள்ளைகள் என்று மனதுக்குள் யாரோ சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். தன் விரலால் ஒருமுறை தொட்டும் பார்த்தார். மண் ஒரு துளி இல்லை. தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

அவர் நிமிர்ந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, “முதல்ல இதைக் கட்டிக்கம்மா” என்று நீட்டினார். படிவத்தை அந்தச் சுவரிலேயே வைத்து, பேனாவைத் திறந்து, சுவர் என்ற கட்டத்துக்கு நேரே ‘பக்கா’ என்று எழுதினார்.